செம்பனைக் கழிவில் மின்சாரம்: புகைக்கும் கணக்கு வேண்டும்



"உயிரிப்பொருளை எரித்து எடுக்கும் மின்சாரம் தூய்மையானதா?" என்பதுதான் இன்று எனக்குத் தரப்பட்ட கேள்வி. எதை எரிக்கிறோம், அது எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல இயலாது.

தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம்மவர்களுக்குச் செம்பனை ஆலை புதிதல்ல. ஆலைக்குப் போகும் ஒவ்வொரு 100 டன் குலையிலும், பழம் உதிர்ந்தபின் 20 டன்னுக்கு மேல் வெறுங்குலையாக மிஞ்சுகிறது. நாரும் ஓடும் தனிக் கணக்கு. அந்த நாரையும் ஓட்டையும் கொதிகலனில் எரித்து, நீராவியால் சுழலியை ஓட்டி, ஆலைகள் தமக்கு வேண்டிய மின்சாரத்தைப் பல்லாண்டுகளாகத் தாமே எடுத்து வருகின்றன.

2001இல் மலேசிய அரசாங்கம் சிறிய புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் திட்டத்தைத் தொடங்கியது. ஆலைக் கழிவில் எடுக்கும் மின்சாரத்தைப் பொது மின்கட்டமைப்புக்கு விற்க அதனால் வழி பிறந்தது. ஆனால், 2005க்குள் நாட்டின் மின்சாரத்தில் 5 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறும் இலக்கு கைகூடவில்லை. எரிபொருளின் தன்மையும் ஒரு தடையே. வெறுங்குலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஈரம். பிழிந்து, நறுக்கிய பிறகே அது ஒழுங்காக எரியும். அதிலுள்ள பொட்டாசியம் சாம்பலை உருகச் செய்து கொதிகலன் குழாய்களில் ஒட்ட வைக்கும்.

இனிப் புகைக்கு வருவோம். அனைத்துலகப் பருவநிலைக் குழுவின் கணக்குப்படி, ஒரு கிகாஜூல் வெப்பம் எடுக்க நிலக்கரி சுமார் 95 கிலோ கரியமில வாயுவை வெளியிடுகிறது. மரமோ சுமார் 112 கிலோ வெளியிடுகிறது. புகைபோக்கியை மட்டும் பார்த்தால் உயிரிப்பொருள் நிலக்கரிக்கு இளைத்ததல்ல!

பிறகு எப்படி அதைப் பசுமை என்கிறோம்? குலையில் உள்ள கரி, செம்பனை காற்றிலிருந்து எடுத்துக்கொண்டது. அடுத்த குலை வளரும்போது மரம் அதை மீண்டும் எடுத்துக்கொள்ளும். மேலும், வெறுங்குலையை மலைபோல் குவித்து அழுக விட்டால் மீத்தேன் கிளம்பும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அப்படி அழுகவிருந்த கழிவை எரிப்பது நன்மையே.

வெட்டிய மரத்தின் கதை வேறு. இங்கிலாந்தின் டிராக்ஸ் மின்நிலையம் முன்பு நிலக்கரியில் ஓடியது. இன்று அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் கப்பலேறி வரும் மர உருண்டைகளை எரிக்கிறது. அதற்காக ஒரு முழு மரம் வெட்டப்பட்டிருந்தால், அந்தக் கரியைத் திரும்ப எடுக்கப் புதிய மரத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆகும். கனடா மரங்கள் குறித்த விவரங்களைச் சரிவர அறிக்கையிடாததால், அந்நிறுவனம் 2024இல் 2 கோடியே 50 லட்சம் பவுன் செலுத்த நேர்ந்தது.

இதில் நமக்கென்ன என்று கேட்காதீர்கள். 2011 இறுதியில் மலேசியாவில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்காக மின்கட்டணத்தில் 1 விழுக்காடு சேர்க்கப்பட்டது. 2014இல் அது 1.6 விழுக்காடானது. நம் பணம் போகும் இடத்தில் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு.

மூன்றே கேள்விகள். எரிபொருள் உண்மையான கழிவா? சாம்பலிலுள்ள பொட்டாசியம் மண்ணுக்குத் திரும்புகிறதா? புகைபோக்கியில் தூசியைப் பிடிக்கும் கருவி ஒழுங்காக இயங்குகிறதா? இந்த மூன்றாவது கேள்வியை மறக்க வேண்டாம். 1978ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக 2014இல் புதிய தூய காற்று விதிமுறைகள் வந்துள்ளன. ஆலைப் புகையைத் தினமும் சுவாசிப்பவர்கள் பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகள். மின்சாரம் பசுமை என்று பெயர் பெற்றால் மட்டும் அவர்கள் நுரையீரலுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது.