குடிசை வேஷமும் ஓட்டும்



ஓட்டுக் கேட்க வரும் அபேட்சகர்களில் சிலரிடம் மாத்திரம் ஜனங்களுக்குத் தனிப் பிரியம் உண்டாவதேன் என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். "அவர் நம்மைப் போல ஒருவர், நம் திண்ணையில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார், பிள்ளையை வாங்கிக் கொஞ்சினார்" என்று நாம் பூரித்துப் போகின்றோம். இது நம் நாட்டு வியாதி மாத்திரமல்ல. அமெரிக்காவில் 1840-ம் வருஷத்தில் நடந்த சங்கதி ஒன்றைச் சொல்லுகின்றேன், கேளுங்கள்.

அவ்வருஷத்து ஜனாதிபதித் தேர்தலில் விக் கட்சியின் அபேட்சகர் வில்லியம் ஹென்றி ஹாரிசன் என்பவர். ஒரு பீப்பாய் ஆப்பிள் கள்ளும் கொஞ்சம் பென்ஷனும் கொடுத்துவிட்டால் இந்தக் கிழவர் மரக்குடிசையில் உட்கார்ந்து காலங்கழித்துவிடுவார் என்று எதிர்க்கட்சிப் பத்திரிகையொன்று கேலி செய்தது. விக் கட்சியார் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தக் கேலியையே கொடியாகப் பிடித்துக்கொண்டார்கள். மரக்குடிசையை வண்டியிலேற்றி ஊர்வலம் விட்டார்கள், கள் ஊற்றினார்கள், பாட்டுப் பாடினார்கள். நம் ஊர் உற்சவமூர்த்திக்கு நாளொரு வாகனமும் நாளொரு அலங்காரமும் செய்வதைப் போலத்தான்!

உண்மை என்ன? ஹாரிசன் 1773-ல் விர்ஜினியாவில், அடிமைகளைக் கொண்டு வேலை வாங்கிய பெரும் பண்ணையில் பிறந்தவர். அவர் தகப்பனார் அமெரிக்க சுதந்தரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர், கவர்னராயும் இருந்தவர். எதிர்த்து நின்ற ஜனாதிபதி மார்ட்டின் வான் பியூரனோ, வழிப்போக்கர்களுக்கு விடுதி நடத்தி ஜீவித்தவரின் மகன். அப்படியிருக்க, பண்ணையார் மகன் குடிசைவாசியானார். விடுதிக்காரர் மகன் தங்கக் கரண்டியில் சாப்பிடும் பிரபுவாக்கப்பட்டார்!

இதனால் வான் பியூரன் உத்தமர் என்று நான் சொல்லவரவில்லை. அவர் தகப்பனாரும் அடிமைகளை வைத்திருந்தவரே. 1837-ல் உண்டான பண நெருக்கடியில் ஜனங்கள் பட்ட கஷ்டமும் அவர் தோல்விக்குப் பெரிய காரணந்தான். ஆனால் அக்கஷ்டத்துக்குப் பரிகாரம் என்ன என்று விக் கட்சியைக் கேட்டிருக்க வேண்டாமா? அக்கட்சி அத்தேர்தலில் ஒரு வேலைத்திட்டங்கூட வெளியிடவில்லையே!

முடிவென்ன? ஹாரிசனுக்குத் தேர்வாளர் ஓட்டு 234; வான் பியூரனுக்கு 60. 1841 மார்ச் 4-ல் பதவியேற்ற ஹாரிசன் ஏப்ரல் 4-ல் இறந்துபோனார். உப ஜனாதிபதி ஜான் டைலர் அவ்விடத்துக்கு வந்து, தன் கட்சியாரே நிறைவேற்றிய பாங்கி மசோதாக்கள் இரண்டையும் நிராகரித்துவிட்டார். கட்சி அவரைத் தள்ளிவைத்தது. கொள்கையைக் கேளாமல் குடிசைக்குப் போட்ட ஓட்டு இந்தக் கதியாயிற்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாமர மக்களின் வெற்றி என்று கொண்டாடப்பட்ட அத்தேர்தலில் பெண்களுக்கு ஓட்டில்லை, அடிமைகளுக்கும் ஓட்டில்லை. இந்தியானாப் பிரதேசத்தில் அடிமைத்தனத்துக்கு இருந்த தடையைப் பத்து வருஷங்களுக்கு நிறுத்திவைக்க வேண்டுமென்று 1802-ல் கூட்டங்கூட்டி விண்ணப்பம் போகச் செய்தவர், அப்போது அங்கே கவர்னராயிருந்த இதே ஹாரிசன்தான். உண்மையாகவே குடிசையில் கிடந்தவன் அடிமை. அவனைக் கேட்பாரில்லை, அவன் குடிசை மாத்திரம் ஊர்வலம் போயிற்று!

தோழர்களே! எளிமை குற்றமல்ல. நம்மோடு கலந்து பழகுகின்றவர் நமக்கு வேண்டியவரே. ஆனால், கஞ்சி குடித்துப் போனவர் சட்டசபையில் கூலிக்காரன் கூலிக்கும், பெண்ணின் உரிமைக்கும், சாதியால் தாழ்த்தப்பட்டவன் மானத்துக்கும் எந்தப் பக்கம் கை தூக்கினார் என்று கேட்டீர்களா? புதிதாக வருகின்றவரானால், எந்தப் பக்கம் தூக்குவாரென்று கேட்டீர்களா? அடுத்த முறை அவர் திண்ணைக்கு வரும்போது உட்காரச் சொல்லுங்கள்; கஞ்சியும் கொடுங்கள்; கேள்வியையும் கேளுங்கள். பதில் சொல்லாதவர் எத்தனை குவளை குடித்தாலும் நமக்குக் கஞ்சிதான் நஷ்டம். அதோடு ஓட்டையும் சேர்த்து நஷ்டப்படுத்திக்கொள்ளாதீர்கள்.