சாரணர் இயக்கம்: பிரிவிலிருந்து ஒற்றுமைக்கு

சாரணன் ஒவ்வொருவனும் மற்றைய சாரணர்க்கு உடன்பிறப்பாவான். சாதி, சமய, நிற வேற்றுமைகள் இப்பிணைப்பிற்குத் தடையாகா. இது சாரணர் இயக்கத்தின் அடிப்படைக் கோட்பாடு. ஆயினும், பாரதத்தில் இவ்வியக்கம் காலூன்றியபோது, இந்நாட்டுச் சிறுவர்களுக்கே அதன் வாயில் மூடப்பட்டிருந்தது. அவ்வாயில் திறந்த வரலாற்றை மாணவரும் அலுவலரும் அறிந்திருத்தல் நலம்.

1907ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரௌன்சி தீவில் பேடன் பவல் நடத்திய முகாமில், செல்வர் வீட்டுச் சிறுவரும் உழைப்பாளர் வீட்டுச் சிறுவரும் ஒன்றாகத் தங்கிப் பயின்றனர். அதுவே இயக்கத்தின் தொடக்கம். 1909இல் பெங்களூரில் காப்டன் பேக்கர் இந்தியாவின் முதல் சாரணர் படையை அமைத்தார். 1911இல் ஜபல்பூரில் சாரணியர் படை தோன்றியது. ஆனால், ஐரோப்பியச் சிறுவரும் ஆங்கிலோ-இந்தியச் சிறுவருமே இவற்றில் சேர இயன்றது. இந்திய இளைஞர் கட்டுப்பாடும் தலைமைப் பண்பும் பெற்றால் ஆட்சிக்கு ஊறு நேருமோ என அன்றைய அரசு அஞ்சியது.

மூடிய கதவின்முன் இந்தியத் தலைவர்கள் காத்து நிற்கவில்லை. 1913இல் ஷாஜஹான்பூரில் ஸ்ரீராம் பாஜ்பாய் தனிப் படையொன்றைத் தொடங்கினார். பண்டித மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு ஆகியோரின் துணையுடன் அலகாபாத்தில் சேவா சமிதி சாரணர் சங்கம் உருவாயிற்று. சென்னையில் 1916இல் அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேலின் துணையுடன் இந்தியச் சாரணர் சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்துச் சிறுவர் தொப்பிக்குப் பதில் தலைப்பாகை அணிந்தனர். இந்தியப் பாடல்களைப் பாடினர். அதே ஆண்டில் சாரணியர் இயக்கத்தில் இந்தியச் சிறுமியரும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.

1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது ஒற்றுமைக்கு வழி பிறந்தது. பெசன்ட் அம்மையாரின் சங்கம் பொதுச் சங்கத்துடன் இணைந்தது. சேவா சமிதி தனித்தே இயங்கியது. 1937இல் டில்லியில் நடைபெற்ற பெருந்திரளணிக்குப் பேடன் பவல் வந்திருந்தார். அதனையொட்டி இந்தியரைக் குறித்து அவர் வெளியிட்ட கருத்துகள் பலரது உள்ளத்தைப் புண்படுத்தின. பொதுச் சங்கத்திலிருந்து பலர் விலகினர். 1938இல் ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் தோன்றியது.

விடுதலைக்குப்பின், ஒரே நாட்டில் இரு சாரணர் சங்கங்கள் போட்டியிட்டு நிற்பது பொருந்தாதெனத் தலைவர்கள் உணர்ந்தனர். பிரதமர் நேருவும் கல்வியமைச்சர் மௌலானா ஆசாத்தும் இணைப்பிற்குத் துணை நின்றனர். சங்கங்களும் தத்தம் பெயரைத் துறக்க முன்வந்தன. 1950 நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரண சாரணியர் இயக்கம் உதயமாயிற்று. 1951 ஆகஸ்டு 15 அன்று சாரணியர் சங்கமும் அதனுடன் இணைந்தது. ஆடவரும் மகளிரும் ஒரே அமைப்பின்கீழ்ச் செயற்படும் நிலை இவ்வாறு ஏற்பட்டது. அன்று உறுதிமொழியில் மன்னருக்குரிய கடமை இடம்பெற்றிருந்தது. இன்று கடவுளுக்கும் நாட்டிற்கும் ஆற்றும் கடமையே இடம்பெறுகிறது.

இவ்வரலாறு புகட்டும் பாடம் தெளிவானது. உரிமை மறுக்கப்பட்ட இடத்தில் குறைகூறுவதோடு நில்லாமல், பணி செய்து தகுதியை நிலைநாட்டினர் முன்னோடிகள். பின்னர், நாட்டின் நலனுக்காகத் தாம் வளர்த்த சங்கங்களையே ஒன்றில் கரைத்தனர். முன்னதற்கு ஊக்கம் வேண்டும். பின்னதற்குப் பெருந்தன்மை வேண்டும்.

அரசு மானியம் வழங்கலாம். முகாமிற்கு இடமும் தரலாம். ஆயினும், பள்ளி விட்ட பின்னர் மாலைப்பொழுதைச் சிறுவர்க்கென ஒதுக்கும் ஆசிரியர் இல்லையெனில் சாரணர் படை ஏட்டளவில் நின்றுவிடும். ஆணைகளால் மட்டும் தொண்டுள்ளத்தை வளர்க்க இயலாது. அலுவலர்கள் இதனை மனத்திற்கொண்டு, அத்தகைய ஆசிரியர்க்குத் தோள்கொடுப்பார்களாயின், கழுத்துக்குட்டை அணியும் ஒவ்வொரு சிறுவனும் சிறுமியும் நாட்டிற்குக் கிடைத்த நற்குடிமக்களாவர்.