கல் லண்டனில், உடல் போர்ன்மத்தில்



நினைவுச் சொற்பொழிவு என்றால் நமக்குப் பழக்கமானது புகழுரை. இறந்தவரின் குறைகளைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் மேடை ஏறுவோம். அதனால்தான் இன்றைக்குப் பெண்ணுரிமை எழுத்தாளர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட்டை எடுத்துக்கொண்டேன். அவரைப் பற்றிய முதல் நினைவுநூலே அவர் பெயரைக் கெடுத்தது. எழுதியவர் அவருடைய கணவர், அதுவும் அன்பினால்.

மேரிக்குச் சொந்த ஊர் எது என்பதே வழக்குதான். 1759-இல் லண்டன் ஸ்பிடல்ஃபீல்ட்ஸில் பிறந்தார். பாட்டனார் பட்டு நெசவில் சேர்த்த சொத்தை, அப்பா விவசாயம் பார்க்கிறேன் என்று ஊர் ஊராகப் போய்க் கரைத்தார். அப்பா குடித்துவிட்டு வந்தால் அம்மாவுக்கு அடி விழும். அதைத் தடுக்கச் சிறுமி மேரி அம்மாவின் அறை வாசலில் போய்ப் படுத்துக்கொள்வாள். என்னைக் கேட்டால், வடலண்டனின் நியூயிங்டன் கிரீன்தான் அவர் ஊர். 1784-இல் தங்கைகளோடும் தோழி ஃபேனி பிளட்டோடும் பள்ளிக்கூடம் நடத்திய இடம். பள்ளி நிலைக்கவில்லை. போதகர் ரிச்சர்ட் பிரைஸின் பிரசங்கம் கேட்க அவர் போன சிறு தேவாலயம், 1708-இல் கட்டியது, இன்றும் இருக்கிறது. எதிர்ப் புல்வெளியில் 2020-இல் மேகி ஹாம்ப்ளிங் செய்த சிலையை வைத்தார்கள். வெள்ளி நிறத் திரள் ஒன்றின் உச்சியில் சின்னஞ்சிறு நிர்வாணப் பெண். ஆண் சிந்தனையாளருக்கு இப்படி வைப்பார்களா என்று பெண்களே சண்டைக்கு வந்தார்கள். எனக்கும் பிடிக்கவில்லை.

அவர் கல்லறைக்கு செயிண்ட் பாங்கிராஸ் ரயில் நிலையத்தின் பின்பக்கமாக நடந்து போக வேண்டும். அங்குள்ள பழைய தேவாலயத்தில்தான் 1797 மார்ச்சில் வில்லியம் காட்வினை மணந்தார். செப்டம்பரில் அதே வளாகத்தில் அடக்கம். குழந்தை பிறந்தும் நஞ்சுக்கொடி முழுதாக வரவில்லை. மருத்துவர் கையை விட்டுத் துண்டு துண்டாக எடுத்தார். பிரசவ ஜன்னி கண்டு பதினோராம் நாள் போய்விட்டார். வயது 38. அந்தக் குழந்தைதான் பின்னாளில் 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதிய மேரி ஷெல்லி.

கல் ஒரு சதுரத் தூண். பெயர், பிறந்த நாள், இறந்த நாள், பெண்ணுரிமைக்காக வாதாடி அவர் 1792-இல் வெளியிட்ட நூலின் ஆசிரியர் என்ற குறிப்பு. அவ்வளவுதான். பெயரோடு காட்வின் ஒட்டியிருக்கிறார். ஆனால் மனைவி, தாய் என்ற சொற்கள் இல்லை. நம் ஊர்க் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளைப் படித்து வளர்ந்தவனுக்கு அது உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

கல்லில் அத்தனை அளவாக எழுதிய காட்வின், 1798-இல் அந்த நினைவுநூலில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மேரி மணமாகாமல் இம்லே என்பவரோடு முன்பு வாழ்ந்தது, பிள்ளை பெற்றது, இருமுறை தற்கொலைக்கு முயன்றது. எதிரிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆதரவாளர்கள் வாய் மூடிக்கொண்டார்கள். 1891-இல் வாக்குரிமைத் தலைவர் மில்லிசென்ட் ஃபாசெட் முன்னுரையோடு மேரியின் பெண்ணுரிமை நூல் மறுபதிப்பாக வந்தது. அதற்குள் ஏறக்குறைய நூறாண்டு போய்விட்டது. காட்வின் பொய் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்பதுதான் என் குறை.

1851-இல் மேரி ஷெல்லி இறந்தார். பெற்றோர் பக்கத்தில் கிடக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பாங்கிராஸ் இடுகாடு அப்போது சீரழிந்து கிடந்தது. மகனும் மருமகளும் அவரைக் கடலோர போர்ன்மத்தில் புதைத்து, தாத்தா பாட்டியின் பெட்டிகளையும் தோண்டி அங்கே கொண்டுபோனார்கள். 1860-களில் ரயில் பாதைக்காக இடுகாட்டின் ஒரு பகுதியையே தோண்டினார்கள். மேற்பார்வையிட்டவர்களில், பின்னாளில் நாவலாசிரியரான இளைஞர் தாமஸ் ஹார்டியும் ஒருவர்.

ஒருவரை மட்டும் யாரும் கூட்டிப்போகவில்லை. காட்வினின் இரண்டாம் தாரம் மேரி ஜேன். மேரியின் இரு பெண்களையும் வளர்த்தவர். பிள்ளைகளுக்கான புத்தகங்களைப் பதிப்பித்தவர், மொழிபெயர்த்தவர். மேரி ஷெல்லிக்கு இந்தச் சின்னம்மாவைக் கண்டாலே ஆகாது. தூணின் வேறொரு முகத்தில் அவர் பெயரும் இருக்கிறது. அங்கே அவர் காட்வினின் இரண்டாம் மனைவி, வேறொன்றும் இல்லை. அடுத்த ஆண்டு இந்த மேடைக்கு வருகிறவர் அவரைப் பற்றிப் பேசினால் முன்வரிசையில் வந்து உட்காருவேன்.