சூடேறிய எஞ்சின் சொல்லும் செய்தி



சித்திரை மாதத்து நண்பகலில் குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலையோரம் சற்றே நின்று பாருங்கள். வண்டிகள் ஊர்வதும் நிற்பதுமாக இருக்கும். நடுவே ஒரு கார் மட்டும் ஓரமாக ஒதுங்கி, பானெட்டைத் திறந்துகொண்டு, ஆவி கக்கி நிற்கும். 1949-இல் சி. ராஜம் அவர்கள் நிறுவி, தொடக்க நாள் முதலே மோட்டார் வாகனப் பொறியியலைக் கற்பித்துவரும் எம்.ஐ.டி. கல்லூரி அமைந்துள்ளதும் இவ்வூரில்தான். ஆகவே, அந்தக் காரின் நோயை நாமும் ஒரு மாணவனின் கண்கொண்டு ஆராய்வோம்.

பெட்ரோல் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியைத் தண்ணீர் சுமந்து சென்று, ரேடியேட்டர் வழியே காற்றில் விடவேண்டும். இந்தப் பயணம் எங்கே தடைப்பட்டது என்பதே நம் கேள்வி.

முதலில், எப்போது சூடேறுகிறது என்று கேளுங்கள். நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறி, ஓடும்போது தணியுமானால், விசிறியை ஐயுறலாம். விரைந்து ஓடும்போதும் சூடேறினால், ரேடியேட்டர் அடைப்பு, தண்ணீர் பம்பு, தெர்மோஸ்டாட் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். வெளியே கசிவு இல்லாமலே தண்ணீர் குறைந்து, புகை வெண்மையாக வருமாயின், ஹெட் கேஸ்கட் பழுதுபட்டிருக்கலாம்.

சில வண்டிகளில் தண்ணீர் கொதிப்பதில்லை. ஆயினும் சூட்டில் எஞ்சின் நின்றுவிடும், ஆறியபின் ஓடும். அங்கே குறைவது தீப்பொறியா, பெட்ரோலா? நின்ற அக்கணமே சோதித்தால்தான் விடை கிடைக்கும். ஆறிவிட்டால் சாட்சி மறைந்துவிடும். தீப்பொறி இல்லையெனில், சூட்டில் இணைப்பு அறுபடும் இக்னிஷன் காயிலைப் பாருங்கள். தீப்பொறி இருந்தால், பெட்ரோல் வழியைப் பாருங்கள். பழைய அம்பாசிடர் கார்களில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிக் குமிழியாக அடைத்துக்கொள்வதுண்டு. பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றியதும் ஓடுமானால், நோய் அதுவே. இக்காலக் கார்களில் பம்பு டாங்கினுள் இருந்து மிகுந்த அழுத்தத்தோடு பெட்ரோலைத் தள்ளுவதால் இந்நோய் அரிது. அவற்றில் கிராங்க் ஷாஃப்ட் சென்சார் சூட்டில் செயலிழப்பதுண்டு.

இனி, ஓர் எச்சரிக்கை. சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். மூடியின் அழுத்தத்தால் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதியாமல் இருக்கும். மூடி திறந்த நொடியே அழுத்தம் குறைய, அது பொங்கி முகத்திலும் கைகளிலும் பாயும். எஞ்சினை நிறுத்துங்கள், நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால், இரும்பும் வெடிக்கக்கூடும்.

காரணம் அறியாமல் ஒவ்வோர் உறுப்பாக மாற்றிக்கொண்டே போவது பணத்தையும் பொழுதையும் வீணாக்கும். ஒரு கேள்வி, அதற்கொரு சோதனை, அதிலிருந்து அடுத்த கேள்வி: இதுவே மருத்துவனுக்கும் மெக்கானிக்குக்கும் பொதுவான நெறி. அந்தப் பொறுமையைச் சாலையோரத்து வண்டியும் நமக்குக் கற்பிக்கிறது அல்லவா?