தாலிக்கொடியும் ரிசர்வ் வங்கியும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அண்ணாச்சி, நீங்க பேங்க்ல இருந்தவரு. பிள்ளைகளுக்கு உபயோகமா ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். என் பணிக்காலத்தில் பெரும்பகுதி நகைக்கடன் கவுண்டரில் கழிந்தது. எனவே தங்கத்தைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன். பொருளாதாரம் படிக்காதவர்கள் பயப்பட வேண்டாம். பந்தி தொடங்குவதற்குள் முடித்துவிடுவேன்.

நம் வட்டாரம் மானாவாரி பூமி. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்புக்குக் காசு வேண்டும் என்றால் காதில் கிடப்பதும் கழுத்தில் கிடப்பதும் வங்கிக்கு வரும். வெள்ளாமை வீடு வந்து சேர்ந்தால் திரும்பப் போகும். மழை பொய்த்தால் வட்டியைக் கட்டி மாற்றி வைப்பார்கள். விசைத்தறி வீடுகளிலும் இதே கதைதான். நூல் விலை ஏறினால் வளையல் இறங்கும். நம் பெண்களுக்கு நகை அலங்காரம் மட்டும் அல்ல. அதுதான் அவர்களுடைய இன்சூரன்ஸ், அதுதான் அவர்களுடைய பென்ஷன்.

ஆனால் டெல்லியில் இருக்கும் நிபுணர்கள் பல காலமாக இதை வேறு மாதிரி பார்க்கிறார்கள். "இந்தியர்களுக்குத் தங்க மோகம். முடங்கிக் கிடக்கும் செல்வம் அது" என்பார்கள். 2013-இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபோது, தங்கம் வாங்க வேண்டாம் என்று நிதியமைச்சர் ப.சிதம்பரம் மக்களைக் கேட்டுக்கொண்டார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நாம் வாங்கும் தங்கத்தில் பெரும்பகுதி இறக்குமதி. அதற்கு டாலர் கொடுக்க வேண்டும். டாலர் வெளியே போனால் ரூபாய் இறங்கும். கணக்கு சரிதான். ஆனால் ஜனங்கள் ஏன் அதைக் கேட்கவில்லை? அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அது சரித்திரக் கணக்கு.

1962-இல் சீனா படையெடுத்தபோது தேசப் பாதுகாப்பு நிதிக்குத் தாய்மார்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். அடுத்த சில மாதங்களில், 1963 ஜனவரியில், நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக்கூடாது என்றார்கள். 22 காரட்டில் பழகிய கைகளுக்கு வேலை போயிற்று. நாடு முழுவதும் பொற்கொல்லர் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. தற்கொலைகளும் நடந்தன. 1966-இல் அந்த 14 காரட் விதியைத் தளர்த்தினார்கள். ஆனால் 1968-இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமே வந்துவிட்டது. தங்கக் கட்டியோ காசோ தனியார் வைத்திருக்கக் கூடாது என்றது அது. விளைவு என்ன? தங்க மோகம் குறையவில்லை, கடத்தல்தான் வளர்ந்தது. 1990-இல் சட்டத்தையே ரத்து செய்தார்கள்.

அடுத்த ஆண்டு நடந்ததைத் தம்பிமார் கவனமாகக் கேட்க வேண்டும். 1991-இல் நம் நாட்டின் அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்குக்கூடப் போதாத நிலைக்கு வந்துவிட்டது. மே மாதம் அரசிடம் இருந்த பறிமுதல் தங்கத்தில் 20 டன் ஸ்டேட் வங்கி மூலமாக சுவிட்சர்லாந்துக்குப் போனது. ஜூலையில் ரிசர்வ் வங்கி தன் கஜானாவிலிருந்து ஏறக்குறைய 47 டன் தங்கத்தை விமானத்தில் லண்டனுக்கு அனுப்பிக் கடன் வாங்கியது. அப்போது கவர்னராக இருந்தவர் நாகர்கோவிலில் பிறந்த எஸ்.வெங்கிடரமணன். செய்தித்தாளில் வந்த பிறகுதான் விஷயம் ஊருக்குத் தெரிந்தது.

தங்கம் வெறும் மோகம் என்று சொன்ன அரசாங்கம், கஷ்டம் வந்ததும் என்ன செய்தது? நம்ம ஊர் சம்சாரி செய்ததையேதான் செய்தது. நகையை அடகு வைத்தது! அதைக் குறையாகச் சொல்லவில்லை. கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டி நாட்டின் மானத்தைக் காப்பாற்றினார்கள். ஆனால் அதன் பிறகு கிராமத்துப் பாட்டியைப் பார்த்துப் பொருளாதாரம் தெரியாதவள் என்று சொல்ல யாருக்கு யோக்கியதை உண்டு?

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. 1933-இல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், மக்கள் கையில் இருந்த தங்கக் காசையும் கட்டியையும் ஒப்படைக்கச் சொன்னார். அவுன்சுக்கு 20.67 டாலர் கொடுத்தார்கள். மறு ஆண்டே விலையை 35 டாலர் ஆக்கினார்கள். 1971-இல் நிக்சன், வெளிநாடுகள் டாலரைக் கொடுத்துத் தங்கம் வாங்கும் வழியையே அடைத்துவிட்டார்.

நம் ரூபாய் நோட்டில் ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்திட்டு ஓர் உறுதிமொழி தருகிறார். அதற்குப் பின்னால் எவ்வளவு தங்கம்? 1957 முதல் உள்ள சட்டப்படி, எத்தனை லட்சம் கோடி நோட்டு அச்சடித்தாலும் குறைந்தபட்சம் 115 கோடி ரூபாய்த் தங்கம் இருந்தால் போதும். ஆக, நோட்டைத் தாங்கி நிற்பது தங்கம் அல்ல, நம்பிக்கை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது அடிபட்டது அந்த நம்பிக்கைதான். கடைசியில் அந்த நோட்டுகளில் 99 சதவீதத்துக்கு மேல் வங்கிக்குத் திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கியே கணக்குக் கொடுத்தது. வரிசையில் நின்றது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

இதே ரிசர்வ் வங்கி 2009-இல் சர்வதேச நிதியத்திடம் 200 டன் தங்கம் வாங்கியது. 2023-24-இல் இங்கிலாந்தில் இருந்த தங்கத்தில் 100 டன்னை நாட்டுக்குக் கொண்டுவந்தது. 2025 மார்ச் இறுதியில் அதன் கையிருப்பு ஏறக்குறைய 880 டன். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்!

இதுவரை கைதட்டினீர்கள். இனிச் சொல்வது கொஞ்சம் கசக்கும்.

மேலே இருப்பவர்களைச் சந்தேகப்படுவது நம் உரிமை. ஆனால் கணக்குப் பார்க்காத சந்தேகம் நம்மையே கடிக்கும். வங்கியை நம்பாதவர், மாதம் 25, 30 சதவீதம் தருகிறேன் என்றவரை நம்பினார். ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தின்மீது 2022-இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. பணம் போட்டதாகச் சொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். இன்னொரு பக்கம், 2015 நவம்பரில் கிராம் 2,684 ரூபாய்க்கு அரசு விற்ற தங்கப் பத்திரத்தை 2023-இல் 6,132 ரூபாய்க்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இடையில் வட்டியும் வந்தது. செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை. "கவர்மெண்ட் பேப்பரா, வேண்டவே வேண்டாம்" என்று சொன்னவர்களுக்கு அந்த லாபம் கிடைக்கவில்லை. அரசு சொல்வது எல்லாம் பொய் என்று நினைப்பதும், எல்லாம் வேதவாக்கு என்று நினைப்பதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு முகங்கள்.

கேள்வி கேட்டால் பலன் உண்டு என்பதற்குச் சமீபத்திய உதாரணம் ஒன்று. 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்கு வரைவு விதிகளை வெளியிட்டது. நகை தன்னுடையது என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்றது. பாட்டி போட்ட சங்கிலிக்கு யாரிடம் ரசீது இருக்கும்? தமிழ்நாட்டு விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். முதலமைச்சர் கடிதம் எழுதினார். ஜூன் மாதம் வந்த இறுதி விதியில் ரசீதுக்குப் பதில் கடன் வாங்குபவரின் உறுதிமொழியே போதும் என்றானது. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்றும் சொன்னார்கள். வரைவு விதி என்றாலே பொதுமக்கள் கருத்துச் சொல்வதற்காக வெளியிடுவது. நம்மில் எத்தனை பேர் அதைப் படித்தோம்?

அதனால் மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை எல்லோருக்கும் இலவசம். அதைப் படியுங்கள். உங்கள் தெருவில் அடகுச் சீட்டு வைத்திருக்கும் ஒரு அக்காவுக்காவது வட்டி எவ்வளவு, கெடு தேதி எது, ஏலத்துக்கு முன் என்ன அறிவிப்பு வர வேண்டும் என்று படித்துச் சொல்லுங்கள். புது நகை வாங்கும்போது ஹால்மார்க் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். பெண்பிள்ளைக்குச் சேர்க்கும் தங்கம் அவள் பெயரில், அவள் கையில் இருக்கட்டும். மாப்பிள்ளை வீட்டுப் பேரத்துக்குப் போக வேண்டாம்.

நம் ஊர்ப் பெண்கள் தங்கத்தை நம்பியது பேராசையால் அல்ல, அனுபவத்தால். அந்த அனுபவத்தோடு உங்கள் படிப்பும் சேர்ந்தால், மேலே இருப்பவர்கள் நம்மிடம் கணக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.