சாவியைத் திருப்பியும் எழும்பாத மின்சார சைக்கிள்

பழைய சைக்கிளில் ஹப் மோட்டாரும் பேட்டரியும் கன்ட்ரோலரும் பூட்டி வீட்டிலேயே செய்த மின்சார சைக்கிள், சில நேரம் சாவியைத் திருப்பியும் அசையாமல் நிற்கும். டிஸ்ப்ளே எரிந்து சக்கரம் மட்டும் சுற்றவில்லை என்றால், த்ராட்டில், பிரேக் சுவிட்ச், மோட்டாருக்குள் இருக்கும் ஹால் சென்சார் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். டிஸ்ப்ளேயே எரியாவிட்டால் பெரும்பாலும் மின்சாரம் கன்ட்ரோலர் வரை வந்து சேரவில்லை. எனவே பேட்டரியில் தொடங்கி, மின்சாரம் போகும் வழியிலேயே ஒவ்வொரு இடமாகச் சோதித்துக்கொண்டு போக வேண்டும்.

இதற்கு ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். அதை டி.சி. 200 வோல்ட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். கை மோதிரம், வளையல், உலோகக் கடிகாரம் எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிட வேண்டும். பேட்டரியின் இரு முனைகளும் ஒரு உலோகத் துண்டில் பட்டுவிட்டால் நொடியில் அது பழுக்கக் காய்ந்து தோலைச் சுட்டுவிடும்.

36 வோல்ட் லித்தியம் அயன் பேட்டரியில் 10 செல் தொகுதிகள் தொடராக இணைந்திருக்கும். முழு சார்ஜில் ஒவ்வொரு தொகுதியும் 4.2 வோல்ட், ஆக மொத்தம் 42 வோல்ட். 48 வோல்ட் பேட்டரி என்றால் 13 தொகுதிகள், முழு சார்ஜில் 54.6 வோல்ட். 36 வோல்ட் பேட்டரி ஏறக்குறைய 31 வோல்ட்டுக்கு இறங்கினால் கன்ட்ரோலர் வேலையை நிறுத்திக்கொள்ளும். அப்போது சார்ஜ் ஏற்றினாலே வண்டி ஓடும்.

பேட்டரியின் முனைகளில் வைத்த மீட்டர் பூஜ்யத்தையோ சில வோல்ட்டையோ காட்டினால், பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற பாதுகாப்புப் பலகை வெளியே போகும் மின்சாரத்தைத் துண்டித்திருக்கலாம். ஒன்பது தொகுதிகள் நன்றாக இருந்து ஒன்று மட்டும் மிகவும் இறங்கிவிட்டாலும் அது துண்டித்துவிடும். சார்ஜரைச் சிறிது நேரம் செருகினால் பல பலகைகள் மீண்டும் வழிவிடும். ஆனால் இதே கதை திரும்பத் திரும்ப நடந்தால், ஏதோ ஒரு தொகுதி தளர்ந்துவிட்டது என்று பொருள். பேட்டரி உப்பியிருந்தாலோ, சூடாக இருந்தாலோ, வினோதமான வாடை வந்தாலோ சார்ஜ் போடவே கூடாது.

பேட்டரியில் வோல்ட் சரியாக இருந்தால் அடுத்தது ஃபியூஸ். சாவியைப் போட்டுவிட்டு மீட்டரின் ஒரு முனையை ஃபியூஸின் இந்தப் பக்கமும் மறு முனையை அந்தப் பக்கமும் வைத்தால், நல்ல ஃபியூஸில் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். எரிந்த ஃபியூஸில் பேட்டரியின் வோல்ட் அப்படியே தெரியும். மாற்றும்போது அதே ஆம்பியர் ஃபியூஸையே போட வேண்டும். கம்பியைச் சுற்றி ஒப்பேற்றினால், அடுத்த முறை ஷார்ட் ஆகும்போது ஃபியூஸுக்குப் பதில் ஒயரே எரியும்.

அதன்பின் கனெக்டர்கள். மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும், டிஸ்ப்ளே மட்டும் எரியாது. இதற்குக் காரணம் பெரும்பாலும் லூஸ் கான்டாக்ட். மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் ஒரே ஒரு ஒயர் இழை ஒட்டியிருந்தாலும் அளவு சரியாகவே தெரியும். கறுத்த கனெக்டர் முனை, உருகிய பிளாஸ்டிக், பச்சை பூத்த செம்பு ஆகியவற்றைக் கண்ணால் தேடிப் பார்க்க வேண்டும். பேட்டரியைச் செருகும்போது சின்னப் பொறி பறந்தால், கன்ட்ரோலரின் கெபாசிட்டர் வரை மின்சாரம் போகிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

தடித்த சிவப்பு, கறுப்பு ஒயர்கள் தவிர, சாவியிலிருந்து கன்ட்ரோலருக்கு ஒரு மெல்லிய ஒயரும் போகும். சாவியைப் போட்டதும் அதிலும் பேட்டரியின் வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் சாவி சுவிட்ச் கெட்டிருக்கிறது, அல்லது அந்த ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. சில கிட்களில் இந்த வேலையை டிஸ்ப்ளேயின் பொத்தானே செய்யும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் த்ராட்டில் கனெக்டரின் சிவப்பு, கறுப்பு ஒயர்களுக்கிடையே அளக்க வேண்டும். அங்கே சுமார் 5 வோல்ட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரியைக் கழற்றி, த்ராட்டில், ஹால் சென்சார் கனெக்டர்களைப் பிரித்துவிட்டு, பேட்டரியை மட்டும் மீண்டும் இணைத்து அளக்கலாம். 5 வோல்ட் திரும்பி வந்தால் ஷார்ட் அந்த ஒயர்களில்தான். எல்லாவற்றையும் பிரித்த பிறகும் வராவிட்டால் கன்ட்ரோலர் போய்விட்டது என்று கொள்ளலாம். புது கன்ட்ரோலருக்குச் செலவு செய்வது அதன்பிறகுதான்.