ரத்தம் கம்மி என்றால் மாத்திரை மட்டும் போதாது

(ரத்ததான முகாம் ஏற்பாட்டுக்காக நடந்த சங்கக் கூட்டத்தில் சி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

"அஞ்சு நிமிஷம் பேசுங்கம்மா" என்று தலைவர் சார் சொன்னார். பத்து நிமிஷம் ஆகும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெரிய மகளை உங்கள் எல்லோருக்கும் தெரியும். சாயந்தரம் கீழே ஷட்டில் ஆடுவாள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, பள்ளி நாளாக இருந்தாலும், காலை ஆறு மணிக்கே நாங்கள் ஒரு பையோடு கிளம்புவதையும் பார்த்திருப்பீர்கள். யாராவது கேட்டால் "சும்மா செக்கப்" என்று சொல்லிவிடுவேன். இன்று உண்மையைச் சொல்கிறேன். அவளுக்கு பீட்டா தலசீமியா மேஜர். தேவையான ஹீமோகுளோபினை அவள் உடம்பால் உண்டாக்கிக்கொள்ள முடியாது. யாரோ கொடுத்த ரத்தத்தில்தான் அவள் ஓடுகிறாள். இதைச் சொல்லலாமா என்று அவளிடமே கேட்டேன். "சொல்லும்மா, அப்போதான் முகாமுக்கு வருவாங்க" என்றாள். அதனால்தான் மைக்கைப் பிடித்தேன்.

2013-ல் அவள் வயிற்றில் இருந்தபோது எனக்கு ஹீமோகுளோபின் 9. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டும் பெரிதாக ஏறவில்லை. "உங்க உடம்பு வாகு அப்படி" என்றார்கள். அதே ரிப்போர்ட்டில் எம்.சி.வி. என்று ஒரு வரி குறைவாக இருந்தது. அதை அவர்களும் கவனிக்கவில்லை, எனக்கும் தெரியவில்லை. குழந்தை பிறந்து ஏழு மாதத்தில் வெளுத்துப்போனாள். பால் குடிக்கவில்லை, வயிறு உப்பியது. பரிசோதனை முடிவு வந்தபோது டாக்டர் குழந்தையை விட்டுவிட்டு எங்கள் இருவருடைய ரத்தத்தையும் கேட்டார். இருவருமே தலசீமியா கேரியர்.

கேரியர் என்றால் நோயாளி இல்லை. வேலைக்குப் போகலாம், ஓடலாம், ஆடலாம், ஆயுசு முழுக்கத் தெரியாமலேயே இருக்கலாம். ஆனால் இரண்டு கேரியர்கள் கல்யாணம் செய்துகொண்டால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 4-ல் 1 வாய்ப்பு. கேரியராகப் பிறக்க 4-ல் 2, ஒன்றும் இல்லாமல் பிறக்க 4-ல் 1. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்று கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு முறையும் தாயத்தைப் புதிதாக உருட்டுவது போலத்தான்.

என் கணவர் எனக்கு அத்தை மகன். "சொந்தத்தில் கட்டினதால் வந்தது" என்று பலர் சொன்னார்கள். அது பாதி உண்மை. ஒரே குடும்பத்தில் ஒரே குறை இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் சொந்தம் இல்லாதவர்களுக்கும் வரும். நம் ஓசூரையே பாருங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்களோடு சிப்காட் வேலைக்காக வங்காளம், அசாம், ஒடிசா, பஞ்சாப் என்று எல்லா ஊர்க்காரர்களும் இருக்கிறோம். சிந்தி, பஞ்சாபிக் குடும்பங்களில் தலசீமியா கூடுதல். வங்காளம், அசாம் பக்கம் ஹீமோகுளோபின் 'இ' என்ற இன்னொரு வகை உண்டு. அது தலசீமியாவோடு சேர்ந்தாலும் நோய் வரும். அரிவாள் செல் சோகையை இந்தியாவில் முதன்முதலில் பதிவு செய்ததே 1952-ல், நம் நீலகிரி மலை மக்களிடம்தான். இது யாரோ ஒரு சாதிக்கோ ஊருக்கோ உரிய வியாதி இல்லை.

2016 செப்டம்பரில் காவிரிக் கலவரம் வந்தது ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டு பஸ்கள் எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டன. எங்கள் தேதியும் அந்த வாரம்தான். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜூஜூவாடியிலிருந்து அத்திப்பள்ளிக்கு நடந்தார் என் கணவர். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். ரத்தத்துக்கு பந்த் கிடையாது.

இரண்டாவது குழந்தை வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்தது 2018-ல். முன்கூட்டியே எங்கள் இருவருடைய மரபணுக் குறை என்ன என்று சோதித்து வைத்தோம். பன்னிரண்டாவது வாரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து ஊசி மூலம் துளி திசு எடுத்தார்கள். கருக்கலைய சிறிய அபாயம் உண்டு என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். ஆணா பெண்ணா என்று கேட்க மாட்டோம் என்றும் கையெழுத்து. 1994-ம் வருடச் சட்டம் அது. 2004 வரை நம் மாவட்டம் தர்மபுரியோடு சேர்ந்திருந்தது. பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த பகுதி இது. அந்தக் கையெழுத்துக்குக் காரணம் இருக்கிறது.

முடிவு வர இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் நானும் அவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நோய் இருக்கிறது என்று வந்தால் கலைப்பதா, பெற்றுக்கொள்வதா? எங்கள் இருவருக்கும் ஒரே பதில் இல்லை. குழந்தை கேரியர் மட்டும்தான் என்று வந்தது. முடிவெடுக்கும் நிலை எங்களுக்கு வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று இன்றும் எனக்குத் தெரியாது. அதனால் எந்த முடிவு எடுத்தவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீர்கள்.

போன வருஷம் மகள் கேட்டாள்: "தம்பிக்கு எடுத்த டெஸ்டை எனக்கும் எடுத்திருந்தா நான் இருந்திருப்பேனாம்மா?"

தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றேன். பொய் சொல்ல மனசு வரவில்லை. "தெரியலைடா. உனக்கு இவ்வளவு ஊசி வேண்டாம்னு நினைச்சிருப்பேன். நீ வேண்டாம்னு ஒரு நாளும் நினைச்சதில்லை" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "தோசை கருகுது" என்றாள். இந்த இரண்டும் வேறு வேறு என்று அவளுக்குப் புரிந்ததா தெரியாது. எனக்கே அதைத் தினமும் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

ஒன்று, கல்யாணத்துக்கு முன்போ, குழந்தைக்குத் திட்டமிடும்போதோ ஒரு சி.பி.சி. ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். எம்.சி.வி. 80-க்குக் கீழ், எம்.சி.ஹெச். 27-க்குக் கீழ் இருந்தால் "ஹெச்.பி. ஏ2 பார்க்கலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். அது 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கேரியர். சைப்ரஸ் தீவில் 7 பேரில் ஒருவர் கேரியர். அங்கே 1983 முதல் தேவாலயத்தில் கல்யாணம் நடக்கவே இந்தப் பரிசோதனைச் சான்று வேண்டும். கல்யாணம் நிற்பதில்லை, தெரிந்து செய்துகொள்கிறார்கள். ஜாதகம் பார்க்கிற நாம் இதையும் பார்க்கலாம்.

இரண்டு, ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தால் முதல் மூன்று மாதத்துக்குள் கேளுங்கள். "டபுள் மார்க்கர், என்.டி. ஸ்கேன் எல்லாம் நார்மல்" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அவை டவுன் சிண்ட்ரோம் போன்றவற்றுக்கு. தலசீமியாவை அவை காட்டாது. அதேபோல் அவற்றில் "ஹை ரிஸ்க்" என்று வந்தால் பயந்துவிட வேண்டாம். அது வாய்ப்புக் கணக்குதான், உறுதி செய்ய வேறு பரிசோதனை உண்டு. கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மூன்று, குழந்தைக்கு இந்த நோய் இருந்தால் ஒளித்து வைக்காதீர்கள். 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தலசீமியாவும் இருக்கிறது. சான்றிதழ் வாங்கலாம். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் நடக்கிறது. கூடப் பிறந்தவர் பொருந்த 4-ல் 1 வாய்ப்பு. எங்கள் பையன் பொருந்தவில்லை. அதனால் இன்னும் ரத்தம்தான், சேரும் இரும்பைக் குறைக்க மாத்திரைதான்.

நான்கு, முகாம். 18 வயது ஆகி, 45 கிலோவுக்கு மேல் எடையும் 12.5 ஹீமோகுளோபினும் இருந்தால் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை. கோடை லீவில் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவதால் அப்போதுதான் தட்டுப்பாடு. அந்த மாதங்களில் இன்னொரு முகாம் வைக்கச் செயலாளர் சாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. லிஃப்ட்டில் என் மகளைப் பார்த்தால் "ஐயோ பாவம்" என்று முகத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். ஷட்டிலுக்கு ஆள் குறைகிறது என்கிறாள். பேட் இருக்கிறவர்கள் கீழே வாருங்கள்.